பால்பண்ணைச் சாலையின் பச்சைப் பட்டை

ஜனவரி 20

காலையில் திலகவதி தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினாள். மார்கழி பிறந்த மறுநாள் அவளுடைய அக்கா மங்கையர்க்கரசிக்கு வாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. அக்கா வீடு இதே பால்பண்ணைச் சாலையின் அந்தக் கோடியில், ஒரு முடுக்குக்குள் இருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள மருமகள் உண்டு. காலைக் கஞ்சி மட்டும் தங்கை ஊட்டினால்தான் இறங்குகிறதாம்.

"கார்ல கொண்டுபோய் விடறேனே" என்றேன்.

"நீங்க ரிவர்ஸ் எடுத்து வெளிய வர்றதுக்குள்ள கஞ்சியில ஆடை படிஞ்சிரும். அதுவும் அந்த முடுக்குக்குள்ள உங்க கார் போகவா?" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துவிட்டாள்.

இந்தச் சாலையில் மிதிவண்டிக்கென்று தனிப்பாதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மாநகராட்சி ஓரமாகப் பச்சை வண்ணம் அடித்து, நடுநடுவே வெள்ளைச் சைக்கிள் படமும் போட்டது. நாங்கள் பச்சைப் பட்டை என்போம். அதன் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் பட்டையை விட்டு இறங்காமல் எங்கள் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பரக்கத்துல்லா பாயின் மாவு மில்லுக்கு வந்தவர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தாண்டினால் உள்வாங்கிய சாக்கடை மூடி. பிறகு இளநீர் மட்டைக் குவியல். பிறகு மின்மாற்றி. அதைச் சுற்றி வேலி கட்டி, வேலியில் யாரோ போர்வை உலர்த்தியிருப்பார்கள். அவர் அங்கிருந்து திரும்பி வந்து ஆட்டோ பிடிப்பதே நல்லது.

ஆகவே திலகவதி நடுச்சாலையில் பால் லாரிகளோடு போகிறாள்.

அவள் திரும்பும் வரை செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 22

செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 25

"அந்தச் செடி அழுகுது. நான் போய்ட்டு வர்ற வரைக்கும் ஹோஸைப் புடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டே நிக்கணுமா? உள்ள போய் பேப்பர் படிங்க" என்றாள் திலகவதி. செடிகளுக்குக் காலை நேரத்தில்தான் தண்ணீர் தேவை என்று விளக்கினேன்.

அவள் நன்றாகவே ஓட்டுகிறாள். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. கல்யாணமான புதிதில் அவளுடைய சைக்கிளை அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டோம். அப்போதிருந்த வாடகை வீட்டில் அதை நிறுத்த இடம் இல்லை. இப்போது ஓட்டுவது அக்கா படுத்த பிறகு வாங்கியது. சைக்கிளைக் கொடுத்த இதைப் பற்றித் திலகவதிக்கு வேறொரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. அதற்குப் பல காரணங்கள். "ஒரே காரணம்தான்" என்பாள் அவள்.

பிப்ரவரி 3

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் என்பதால் எனக்கு முன்வரிசை நாற்காலி கொடுத்தார்கள். அதில் ஒரு கை இல்லை.

முக்கியமான செய்தி இதுதான். மிதிவண்டிப் பாதைகளைச் சீர்செய்ய மாநகராட்சிக்கு அரசு நிதி வந்திருக்கிறது. எந்த வார்டுக்கு எந்த வேலை என்று மார்ச் முடிவதற்குள் தீர்மானிக்காவிட்டால் பணம் வந்த வழியே போய்விடும். இது எனக்கு நன்றாகப் புரியும். நான் அறிவியல் ஆசிரியராக இருந்த பள்ளியில் ஒவ்வொரு மார்ச் மாதமும் மீந்த நிதியில் அவசர அவசரமாக ஏதாவது வாங்குவோம். எதற்கு எளிதில் ரசீது கிடைக்குமோ அதை வாங்குவோம். அதனால்தான் நான் ஓய்வு பெற்றபோது எங்கள் ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கிகூட இல்லை. ஆனால் ஒரு அலமாரி நிறைய பூமி உருண்டைகள் இருந்தன.

கவுன்சிலர் தமிழ்வேந்தன் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சிரிப்பு. "நம்ம வார்டுக்கு ஒரு அடையாளம் வேணுமா வேண்டாமா? ரவுண்டானாவுல ஒரு செல்ஃபி பாயின்ட் வைப்போம். வார்டு பேரை ஆளுயர எழுத்துல போட்டு, நடுவுல ஒரு சிவப்பு இதயம். ராத்திரி லைட் எரியும்."

"அது சைக்கிளுக்கு வந்த பணம்தானே?" என்றேன்.

"இதயத்துக்குப் பக்கத்துல ஒரு சைக்கிள் பொம்மை வச்சிருவோம் சார்."

கூடம் சிரித்தது. பரக்கத்துல்லா பாய் மட்டும், "பொம்மை சைக்கிளாவது பத்திரமா நிக்கட்டும்" என்றார். பாதையை ஆணையர் நேரில் பார்த்துச் சீரமைப்புத் தேவை என்றால் நிதி பாதைக்கு, தேவையில்லை என்றால் பொது இட அழகுபடுத்தலுக்கு என்று முடிவானது. ஆணையருக்கு நான் மனு எழுதவேண்டும்.

பிப்ரவரி 9

திலகவதி வந்தபோது தூக்குவாளி நசுங்கியிருந்தது.

"ஒண்ணுமில்ல. பால் லாரி லேசா ஒரசுச்சு. வாளியிலதான்."

வாளி தொங்கியது ஹாண்டில்பாரில். ஹாண்டில்பாருக்கு அடுத்தது அவள் முழங்கை. இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்த உடலமைப்பு.

மனுவை இன்றே முடித்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 24

ஆணையர் வருகிறார்! நாளை மறுநாள் காலை, பால்பண்ணைச் சாலையில் நேரடி ஆய்வு. மாநகராட்சியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கும் இளம் பெண் அதிகாரி, பெயர் கிரேஸ் எலிசபெத், தானே சைக்கிள் ஓட்டிப் பார்ப்பாராம்.

திலகவதி ஊரில் இல்லை. அக்காவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25

உடம்பெல்லாம் வலி. ஆனால் மனம் நிறைந்திருக்கிறது.

ஆய்வு என்றால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளியில் ஆய்வாளர் வருகிறார் என்றால் முதல் நாளே கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, உடைந்த பெஞ்சுகளைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போட்டு, தத்தித் தத்திப் படிக்கும் பிள்ளைகளைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைப்போம். அந்தப் பழக்கம் இன்று கைகொடுத்தது.

காலையிலேயே தெருவைத் திரட்டினேன். பாய் தன் மில் வாசலில் "இன்றும் நாளையும் வண்டி நிறுத்தாதீர்" என்று அட்டை தொங்கவிட்டார். "ரெண்டு நாளைக்கு ஊர்ல யாரும் தோசை சாப்பிட வேணாம்ங்கறீங்க, அதானே வாத்தியாரே?" என்றார். மட்டைக் குவியலை அகற்றினோம். மின்மாற்றியை நகர்த்த முடியாது. அதனால் வேலியை ஒட்டிச் சாக்கடைமேல் பலகை போட்டு, சுற்றிப் போக வழி செய்து, மண் கொட்டிச் சமன்படுத்தினோம். போர்வையை உரியவரிடம் சேர்த்தோம்.

தமிழ்வேந்தனைத் தவறாக நினைத்துவிட்டேனே என்று கூச்சமாக இருக்கிறது. மதியம் அவராகவே வந்து பார்த்தார். "அடடா, இந்த வயசுல இப்படி உழைக்கிறீங்களே சார்!" என்று நெகிழ்ந்து, சாயங்காலமே ஒரு டிராக்டர் ஜல்லியும் நாலு ஆட்களும் அனுப்பிவைத்தார். பள்ளமெல்லாம் ஜல்லியால் மூடி, மேலே மண்ணும் தூவியாகிவிட்டது. அரசியலில் எதிரெதிரே நின்றாலும் மனிதருக்குள் நல்ல மனம் இருக்கத்தான் செய்கிறது.

பெண்கள் பட்டையின் இரு பக்கமும் கோலம் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 26

ஆணையர் வந்தார். சைக்கிளில் பட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பினார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இவ்வளவு சுத்தமான சைக்கிள் பாதையை நான் எங்கயும் பாத்ததில்ல. கோலம்கூட இருக்கு!"

நான் கைகூப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

"மத்த வார்டுக்கெல்லாம் இதை மாதிரியா காட்டலாம்" என்றார் ஆணையர்.

"அப்ப சீரமைப்புக்குன்னு தனியா எதுவும் தேவைப்படாதுங்களே மேடம்?" என்றார் தமிழ்வேந்தன், மிகுந்த பணிவோடு.

"தேவையே இல்லையே. நல்லாத்தானே இருக்கு?"

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். மாலையைக் கையில் கொடுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஆணையரின் வண்டி போய்விட்டது.

தமிழ்வேந்தன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களால முடிஞ்சது சார். நானா இருந்தா இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க முடியாது."

பிப்ரவரி 27

திலகவதி ஊரிலிருந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கிழிஞ்ச சட்டையைக் காட்டி தைச்சுக் குடுங்கன்னு கேக்கப் போனவரு, அதுக்கு இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க."

எடுத்துக்காட்டு பொருத்தமாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. நசுங்கிய வாளியைத் தேய்த்தபடியே, "அப்ப நாளைக்கும் நான் லாரியோடதான் போகணும்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. வாளியிடம் சொன்னாள்.

மார்ச் 2

ஜல்லியைக் கெட்டிப்படுத்தாமல் கொட்டினால் அது உருளும். இது எட்டாம் வகுப்புப் பாடம், உராய்வு விசை. பட்டையில் போய்ப் பார்க்கலாமே என்று திலகவதி இன்று முயன்றிருக்கிறாள். மாவு மில்லைத் தாண்டியதும் சக்கரம் சறுக்கிவிட்டது.

முழங்கையில் சிராய்ப்பு. டெட்டால் போட்டுத் துடைத்தேன். "எரியுதா?" என்றேன். "இல்ல" என்றாள். "உங்களுக்குத்தான் எரியுது போல. ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

ஜல்லித் துணுக்கு இருக்கக்கூடாத இடத்தில், சதைக்குள் இருந்தது. அவ்வளவுதான் எழுதமுடிகிறது.

இனி நடந்தே போ என்றேன். அவ்வளவு தூரம் நடந்தால் முழங்கால் தாங்காது, மிதித்தால் தாங்கும் என்கிறாள். ஆட்டோவில் போ என்றேன். "அக்கா வாய் பேச முடியாம படுத்திருக்கு. நான் மணியடிச்சுக்கிட்டே முடுக்குக்குள்ள வந்தா மட்டும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்குது. ஆட்டோ சத்தத்துக்குத் திரும்பாது" என்றாள். சைக்கிள் மணிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 6

திங்கட்கிழமை. மாநகராட்சியில் குறைதீர் நாள். வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நாய்த் தொல்லைக்கு வந்தவர், முன்னால் கொசுத் தொல்லைக்கு வந்தவர். ஆணையருக்குப் பக்கத்து நாற்காலியில் தமிழ்வேந்தன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நம்ம சார்! நன்றி சொல்ல வந்திருக்காரு மேடம்" என்றார்.

"இல்ல மேடம். அன்னைக்கு நீங்க பாத்தது எங்க பாதை இல்ல. நான் செஞ்ச அலங்காரம்" என்றேன்.

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பலகை, மண், போர்வை வரை. ஜல்லி யார் அனுப்பியது என்று மட்டும் சொல்லவில்லை. தமிழ்வேந்தன் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பேர் பண்ணுங்கன்னு மனு குடுத்ததே நீங்கதானே? நீங்களே ஏன் சார் மூடி வச்சீங்க?"

"பழக்கம் மேடம். மேலதிகாரி வர்றாங்கன்னா கை தானா துடைப்பத்தை எடுத்துடுது. வேலை பாத்த காலம் பூரா அப்படித்தான்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, நீங்க அந்தப் பாதையில ஓட்டும்போது எந்த இடம் மோசமா இருக்கும்? அதைச் சொல்லுங்க."

கூடம் முழுவதும் ஆட்கள். நாய்க்காரர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது மேடம்."

கொசுவுக்கு வந்தவர் உரக்கவே சிரித்துவிட்டார். தமிழ்வேந்தன் மின்விசிறியிலிருந்து இறங்கி வந்தார். "மேடம், ஓட்டத் தெரியாதவருக்கு எதுக்கு மேடம் பாதை?"

"ஓட்டுறது என் வீட்டுக்காரம்மா" என்றேன். "தெனமும் காலையில லாரிக்கு நடுவுல போறாங்க. திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்ல நின்னு செடிக்குத் தண்ணி ஊத்தறேன். எங்க வீட்டுல செம்பருத்தி ஒண்ணு அழுகியே போச்சு மேடம்."

ஆணையர் பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"மறுபடி எப்ப வரட்டும்?" என்று ஆணையர் கேட்டார்.

"சொல்லாம வாங்க மேடம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா மறுபடி கூட்டிப் பெருக்கிடுவேன்."

வீட்டுக்கு வந்து திலகவதியிடம் சொன்னேன், சைக்கிள் தெரியாது என்று நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டதை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "உங்க வாயால சொல்லி இப்பதான் கேக்கறேன்" என்றாள். ராத்திரிக்கு அடை செய்தாள். அடை எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 9

மட்டைக் குவியல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பாயின் வாடிக்கையாளர்கள் வண்டிகளை முன்பைவிட நெருக்கமாக நிறுத்துகிறார்கள். நான் துடைப்பத்தைத் தொடவில்லை. கை பரபரக்கிறது.

மார்ச் 13

ஆணையர் வரவில்லை.

மார்ச் 16

வரவில்லை. மாதம் முடியப்போகிறது. ரவுண்டானாவில் யாரோ சுண்ணாம்பால் ஒரு பெரிய இதயம் வரைந்து அளவெடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 18

காலையில் திலகவதி திரும்ப நேரமாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். பிறகு மாவு மில் வரை நடந்தேன். கையில் ஹோஸ் இல்லை, அதனால் எதற்காக நிற்கிறேன் என்று பாய்க்குத் தெரிந்துவிட்டது. "வந்துருவாங்க வாத்தியாரே" என்றார். கேட்காமலே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

கடைசியில் தூரத்தில் தெரிந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இன்னொரு பெண்ணும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நொண்டியபடி வந்தார். அந்தச் சைக்கிளின் முன்சக்கரம் வளைந்திருந்தது. டி-ஷர்ட்டெல்லாம் சேறு.

"இந்தப் பொண்ணு எனக்குப் பின்னாடியே வந்துச்சு. டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட பலகையில ஏறிச்சு பாருங்க, பலகை பொளந்து போச்சு. நேரா சாக்கடையில. நல்லவேளை, லாரி பக்கம் விழாம இந்தப் பக்கம் விழுந்துச்சு" என்றாள் திலகவதி. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? கார்ப்பரேஷன்காரங்கதான் கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்கன்னா நாமளும் மூடிக்கிட்டா வர்றது? அந்தப் புது ஆணையரு வந்து பாத்துட்டு எல்லாம் சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டுப் போச்சாம். கண்ணு தெரியாத பொண்ணு போல."

"வணக்கம் மேடம்" என்றேன்.

திலகவதி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் தடுமாறி நான் பார்த்ததே இல்லை, இன்றும் பார்க்கவில்லை. "அதுக்கென்ன, உள்ள வாங்கம்மா, காயத்தைக் கழுவிக்கிட்டு காபி சாப்பிடலாம்" என்றாள்.

ஆணையர் எங்கள் கிணற்றடியில் உட்கார்ந்து காலைக் கழுவினார். பலகை போட்டது நான்தான் என்று சொல்ல வந்தேன். "தெரியும் சார். பலகையைப் பத்தி அன்னைக்கே சொல்லிட்டீங்க" என்று சிரித்தார். பிறகு திலகவதியிடம், "தெனமும் இப்படித்தான் போறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தெனமும்தான்."

ஆணையர் காபி தம்ளரை வைத்துவிட்டு, வளைந்த சக்கரத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

மார்ச் 27

நிதி பாதைக்கே. மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பாதைக்கும் சாலைக்கும் நடுவே தடுப்புக் கல், புதிய சாக்கடை மூடிகள், மின்மாற்றியை இடம் மாற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

மாலைக்குள் தெருமுனையில் பேனர். "போராடி நிதி பெற்றுத் தந்த மாமன்ற உறுப்பினர் தமிழ்வேந்தன் அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!" படத்தில் அவர் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டாண்டை எடுக்கவில்லை.

ஏப்ரல் 12

அக்கா வீட்டுக் கோடியிலிருந்து பாதையின் பாதிவரை வேலை முடிந்துவிட்டது. திலகவதி அதுவரை உருட்டிக்கொண்டும், பிறகு ஏறிப் பாதையிலும் போகிறாள். வேலை நடப்பதால் அந்தப் பகுதியில் லாரிகளை வேறு வழியில் விட்டிருக்கிறார்கள்.

இன்று தமிழ்வேந்தனும் பொறியாளரும் அளவு நாடாவோடு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள்.

"சார், ஆக்கிரமிப்பு எல்லாத்தையும் பாரபட்சம் பாக்காம எடுக்கச் சொல்லி மேடம் உத்தரவு" என்றார் தமிழ்வேந்தன்.

"எடுக்கவேண்டியதுதான். பாயோட மில் படிதானே?"

"அவரு நேத்தே அவரே இடிச்சிட்டாரு சார்." அவர் முகத்தில் இப்படியொரு நிம்மதியை இதுவரை பார்த்ததில்லை. "இந்தச் சாலையிலேயே பாதைக்குள்ள ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கறது உங்க கார் ஏறுற சரிவுதான்."

குனிந்து பார்த்தேன். கேட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் சிமெண்ட் சரிவு. கார் வாங்கியபோது நானே நின்று கட்டியது. இத்தனை நாளும் அதன்மேல் நின்றுகொண்டுதான் பாதையின் குறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சட்டப்படி அவகாசம் வேணும்னா கேக்கலாம் சார், ஒரு மாசம் கிடைக்கும்" என்றார் பொறியாளர்.

திலகவதி வராந்தாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"இப்பவே இடிங்க" என்றேன்.

ஏப்ரல் 16

சரிவு போய்விட்டது. கேட்டுக்கும் பாதைக்கும் நடுவே முழங்கால் உயரம். கார் உள்ளே இருக்கிறது. இனி அதைக் கிரேன் வைத்துத்தான் எடுக்கவேண்டும். அதன்மேல் திலகவதி வடகம் காயவைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 23

அக்காவுக்கு நேற்று வாயில் இரண்டு சொல் வந்ததாம். ஒன்று "தண்ணி". மற்றொன்று என் பெயர். "மாசிலாமணி எங்க?" என்று கேட்டதாகத் திலகவதி சொல்கிறாள். எங்கே என்பதைக் கையால் காட்டினாராம்.

"வாங்க. இன்னிக்குப் போய்ட்டு வந்துருவோம்."

"எதுல?"

சைக்கிளின் கேரியரைத் தட்டினாள். அதில் ஒரு தலையணையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

சைக்கிளில் இருவர் போவது விதிப்படி சரிதானா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, பொறியாளர் வரமாட்டார் என்றாள். என் எடையைப் பற்றிச் சொன்னேன். "மூட்டை நெல்லை வச்சு மிதிச்சிருக்கேன்" என்றாள். தெருவே பார்க்குமே என்றேன். "பாக்கட்டும். நானும் இத்தனை வருஷம் இதைப் பாக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். தூக்குவாளி என் மடியில். மாவு மில்லைத் தாண்டும்போது பாய் வெளியே ஓடிவந்து, "வாத்தியாரே, கெட்டியா புடிச்சுக்குங்க! அந்தம்மாவைப் புடிங்க, வாளியை இல்ல!" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். திலகவதி மணியடித்தாள். தேவையே இல்லாமல் அடித்தாள்.

பாதை வழவழவென்று இருந்தது. காற்று முகத்தில் பட்டது. சைக்கிளில் போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மின்மாற்றி இருந்த இடத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து பால் லாரி வந்தது. ஹாரன், பிறகு அதன் சூடு, பிறகு காதடைக்கும் இரைச்சல். எங்களுக்கும் அதற்கும் நடுவே வரிசையாகத் தடுப்புக் கற்கள் இருந்தன. சைக்கிள் இம்மியும் ஆடவில்லை. அதை நான் நேரில் பார்த்ததாக எழுத ஆசைதான்.

திலகவதி திரும்பிப் பார்க்காமலே மிதித்துக்கொண்டிருந்தாள்.

"லாரி போயிருச்சு" என்றாள். "கண்ணைத் தொறங்க."